வெயிலில் கறுப்பு, வீட்டுக்குள் வெள்ளை

போன இதழில் ஒரு வாசகர் கேட்டதற்கு, "வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் நல்லதுதான், ஆனால் எல்லாருக்கும் சரிப்படாது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்படிப் போயிருக்கக் கூடாது. "எனக்குச் சரிப்படுமா?" என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் பிரேம், வெள்ளெழுத்து எல்லாவற்றையும் இந்த முறை ஓரமாக வைத்துவிட்டு இதற்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். நான் கண் டாக்டர் இல்லை, முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடையில் கவுன்டருக்கு உட்பக்கம் நிற்பவன். சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்: பவர் மாறியிருக்கிறது என்று கண்ணாடி மாற்றப் போனேன். "போட்டோகுரோமிக் போடுங்க டீச்சர், கூலிங் கிளாஸ் தனியா வாங்க வேண்டாம்" என்கிறார்கள். சாதாரண லென்ஸைவிட விலை இரண்டு மடங்கு. போடலாமா? அது எப்படித் தானாகக் கறுக்கிறது?

உங்களுக்குப் போடலாம் டீச்சர். காலையில் பிரேயர், பிறகு வகுப்பு, நடுவில் மைதானத்தைக் கடந்து ஸ்டாஃப் ரூம், மறுபடி வகுப்பு என்று வெயிலுக்கும் நிழலுக்குமாக நடந்துகொண்டே இருப்பவர்களுக்கென்றே செய்த சாமான் இது. பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூலிங் கிளாஸ் மாட்டினால் எதிரே வருவது ஹெட்மாஸ்டரா வாட்ச்மேனா என்று தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு, இரண்டும் ஒன்றிலேயே இருப்பது பெரிய வசதி.

எப்படிக் கறுக்கிறது என்றால், வெளிச்சம் பட்டால் கறுக்கும் என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். இல்லை. வெயிலோடு கண்ணுக்குத் தெரியாமல் வருகிற புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். கல்யாண மண்டபத்தில் நூறு விளக்கு எரிந்தாலும் அசையாது; மேகமூட்டமான நாளில் வெளியே நின்றால் கறுத்துவிடும், ஏனென்றால் மேகத்தைத் தாண்டியும் அந்தக் கதிர் ஓரளவு வருகிறது. பிளாஸ்டிக் லென்ஸில் ஒரு வகைச் சாய மூலக்கூறுகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை மடக்கி வைத்த குடை மாதிரி, வெளிச்சத்தை மறைக்காது. புற ஊதாக் கதிர் பட்டதும் ஒரு பிணைப்பு விட்டுப்போய் மூலக்கூறு விரிந்துகொள்ளும், விரிந்தது வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்தும். கதிர் நின்றதும், சுற்றியிருக்கிற சூட்டிலேயே குடை மடங்கிவிடும். இந்தச் சூடு சமாசாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு தம்பிக்குப் பதில் சொல்லத் தேவைப்படும்.

இதற்கு முந்திய தலைமுறை, நிஜக் கண்ணாடியில் செய்தது. அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி இருவரும் 1960-களில் கொண்டுவந்தார்கள். பழைய போட்டோ பிலிமில் இருந்த வெள்ளி உப்பு வகைதான் அதிலும். பிலிமில் கறுத்தால் கறுத்ததுதான். கண்ணாடிக்குள் கதிர் பட்டுப் பிரிந்த வெள்ளியும் குளோரினும் தப்பிப் போக வழியில்லாமல், நிழலுக்கு வந்ததும் மறுபடி சேர்ந்துவிடுகின்றன.

சரி, குறை? முதல் குறை நேரம். வெயிலில் இறங்கினால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பெரும்பாலும் கறுத்துவிடும். உள்ளே வந்தால் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, மூன்று நான்கு நிமிடமாவது ஆகும், கொஞ்சநஞ்சம் இருக்கிற சாயல் போக இன்னும் நேரம் பிடிக்கும். மைதானத்திலிருந்து நேரே வகுப்புக்குள் நுழைந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பெயர்கள் மங்கலாகத்தான் தெரியும், கடைசி பெஞ்சும் சிரிக்கும். இரண்டாவது, ஆயுள். பிளாஸ்டிக்கில் இருக்கிற சாயம் விரிந்து மடங்கி விரிந்து மடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் களைத்துவிடும். கறுப்பது குறையும், வெளுப்பது தாமதமாகும், வெள்ளையாக இருக்கும்போதே லேசாக மஞ்சள் தட்டும். எப்படியும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பவர் மாறுகிறது என்றால் இது உங்களுக்குப் பெரிய குறை இல்லை. நல்ல லென்ஸ் என்றால் வெள்ளையாக இருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், அது கூடுதல் லாபம்.

கால் டாக்ஸி ஓட்டுநர், கோவை: நாள் முழுக்க ரோட்டில்தான். கண் கூசுகிறது என்று காசு கூடக் கொடுத்து இந்த லென்ஸ் போட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்தால் கறுக்கவே மாட்டேன் என்கிறது. இறங்கி டீ குடிக்க நின்றால் கறுக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

லென்ஸில் ஏமாற்றவில்லை. ஆனால் நீங்கள் டிரைவர் என்று தெரிந்தும் இதை விற்றிருந்தால் அது ஏமாற்றுக்குப் பக்கத்து வீடுதான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்காமல் லென்ஸ் விற்கிற பழக்கம் எங்கள் தொழிலில் அதிகமாகிவிட்டது.

காரின் முன்கண்ணாடி ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தால் சிதறாமல் இருக்க. அந்தத் தாள் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிடும். கண்ணைக் கூச வைக்கிற வெளிச்சம் உள்ளே வருகிறது, லென்ஸைக் கறுக்க வைக்கிற கதிர் வரவில்லை. பக்கக் கண்ணாடி அப்படி இல்லை, அதன் வழியாகக் கொஞ்சம் வரும். ஜன்னலை ஏற்றி வைத்து ஓட்டினாலும் உங்கள் வலது கை இடது கையைவிடக் கறுத்திருக்கிறதா பாருங்கள், அந்தக் கதிரின் வேலைதான். லென்ஸைச் சோதிக்க வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் நீட்டிப் பிடியுங்கள். கறுத்தால் லென்ஸில் கோளாறு இல்லை.

உங்களுக்கு வேண்டியது பவர் போட்ட, தனியான கூலிங் கிளாஸ். அதிலும் போலரைஸ்டு வகை. மழை பெய்து ஓய்ந்த ரோட்டிலிருந்தும் முன்னால் போகிற வண்டியின் டிக்கியிலிருந்தும் பட்டுத் தெறிக்கிற பளபளப்பை அது வெட்டும். தானாகக் கறுக்கும் சாதாரண லென்ஸ் கறுத்தாலும் அதைச் செய்யாது. ஒரே ஒரு விஷயம், போலரைஸ்டு போட்டால் சில போன் திரைகள் ஒரு கோணத்தில் இருட்டாகத் தெரியும். உங்களுக்கு மேப் இல்லாமல் பிழைப்பு ஓடாது, அதனால் உங்கள் போனைக் கடைக்கே எடுத்துப் போய், ஸ்டாண்டில் வைக்கிற மாதிரி பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காருக்குள்ளும் கறுக்கிற லென்ஸ் என்று ஒரு வகை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் அது அசையும். ஆனால் காருக்குள் ஓரளவுதான் கறுக்கும், வீட்டுக்குள் முழு வெள்ளையாக ஆகாது, விலையும் ஒரு படி மேலே. இரவு டூட்டியும் பார்க்கிறவருக்கு அந்த மிச்சச் சாயலும் வேண்டாம் என்பேன். ராத்திரிக்கு வெள்ளை லென்ஸில் நல்ல ஏ.ஆர். கோட்டிங் (லென்ஸில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைக் குறைக்கும் பூச்சு) போட்டுக்கொள்ளுங்கள், போதும். ரோட்டோரத்தில் "நைட் டிரைவிங்" என்று விற்கிற மஞ்சள் கண்ணாடி பக்கம் போகவே வேண்டாம்.

மருந்து விற்பனைப் பிரதிநிதி, சென்னை: மே மாதக் கத்திரி வெயிலில் என் லென்ஸ் லேசாகத்தான் கறுக்கிறது. போன டிசம்பரில் ஊட்டி போனபோது, வெயிலே இல்லாமல் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பைக்கில் போகும்போது சுத்தமாகக் கறுப்பதே இல்லை. என்னங்க இது?

மேலே சொன்ன சூடு இங்கேதான் வருகிறது தம்பி. கதிர் குடையை விரிக்கிறது, சூடு குடையை மடக்குகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. நாற்பது டிகிரியில் தார் ரோட்டின் மேல் நிற்கிறீர்கள், ஒரு பக்கம் விரிய விரிய இன்னொரு பக்கம் சூடு மடக்கிக்கொண்டே இருக்கிறது, ஆகவே பாதிக் கறுப்பில் நின்றுவிடும். ஊட்டி இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும், மேகமும் அதை முழுசாக மறைக்காது. குளிரில் மடக்குகிற வேலையும் மெதுவாகிவிடும். கறுப்பு ஏறிக்கொண்டே போகும். அங்கே ஒரு டீக்கடைக்குள் நுழைந்து மேசை எங்கே என்று தேடியிருப்பீர்களே? குளிரில் வெளுக்கவும் அதிக நேரம் எடுக்கும்.

கூலிங் கிளாஸ் அதிகம் தேவைப்படுகிற சென்னை மே மாதத்தில்தான் இது கொஞ்சம் கைவிடுகிறது. இதை விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை, பனிமலையில் நிற்கிற வெள்ளைக்காரர் படத்தைத்தான் போடுகிறார்கள். அங்கே அது அருமையாகக் கறுக்கும், சந்தேகமே இல்லை.

பைக் விஷயம் சுலபம். ஹெல்மெட்டின் முன்மறைப்பு பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக். அதுவே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், காரின் முன்கண்ணாடி கதைதான். இறக்கிவிட்டால் லென்ஸ் வெள்ளை, தூக்கிவிட்டால் கறுப்பு. லென்ஸ் கறுக்கட்டும் என்று தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள், கண்ணில் பூச்சி அடிக்கும். இன்னொன்று, முன்மறைப்பு இல்லாத ஹெல்மெட்டோடு போகிறவர்கள், வெயிலில் ஓட்டி வந்து அப்படியே பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இறங்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுங்கள். முதல் சில விநாடிகளுக்கு உங்கள் கண்ணில் கூலிங் கிளாஸ் இருக்கிறது, முன்னால் தூண் இருக்கிறது.

பட்டுச் சேலைக் கடை விற்பனையாளர், காஞ்சிபுரம்: எனக்கு இது ஒத்துவருமா?

வராது. ஒரு நிமிடம் உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். அம்மா ஒருவர் சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டார், ஆனால் டியூப்லைட்டில் நம்பிக்கையில்லை, "வாசல்ல வெச்சுப் பார்க்கலாம்" என்று வெளியே எடுத்துப் போகிறார். நீங்களும் கூடப் போகிறீர்கள். அவர் வெயிலில் முந்தானையை விரித்து, இது அரக்கா மெரூனா என்று கேட்கிற அதே நேரத்தில் உங்கள் லென்ஸ் கறுத்துக்கொண்டிருக்கிறது. பிரவுன் லென்ஸாக இருந்தால் எல்லாச் சிவப்பும் ஒரு வாட்டம் பழுப்புக்குப் போகும், மயில்கழுத்து நிறத்தின் நீலம் அடங்கிவிடும். கிரே லென்ஸ் நிறத்தை அவ்வளவாக மாற்றாது, இருட்டாக மட்டும் காட்டும். வாங்கியே தீருவேன் என்றால் கிரே வாங்குங்கள். நிறத்தை வைத்துச் சோறு சாப்பிடுகிறவர்கள், நீங்கள், சாயப்பட்டறைக்காரர், பெயின்டர், கல் பார்க்கிற நகைக்கடைக்காரர் எல்லாரும் வெள்ளை லென்ஸ் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்: முப்பது வருஷத்துக்கும் மேலாக "பி.ஜி." கண்ணாடிதான் போடுகிறேன். இரண்டு கண்ணுக்கும் பவர் வெகுவாக வித்தியாசம். வெயிலில் ஒரு கண்ணாடி மற்றதைவிடக் கறுப்பாகத் தெரிகிறது என்று பேரன் கேலி செய்கிறான். அடுத்த மாதம் ஒரு கண்ணில் புரை ஆபரேஷன். அதன் பிறகு எது போடலாம்?

பேரன் சொல்வது சரி. பி.ஜி., அதாவது போட்டோகிரே, நிஜக் கண்ணாடி. அதில் வெள்ளி உப்பு மேற்பரப்பில் மட்டும் இல்லை, பாயசத்தில் ஜவ்வரிசி மாதிரி உள்ளே முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கண்ணாடி எங்கே தடிமனோ அங்கே கறுப்பும் அதிகம். மைனஸ் பவரில் ஓரம் தடிமன், நடு மெல்லிசு. பிளஸ் பவரில் தலைகீழ். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் என்றால் இரண்டு லென்ஸின் தடிமனும் வேறு, கறுப்பும் வேறு. பிளாஸ்டிக் லென்ஸ்களில் பெரும்பாலும் சாயம் மேற்பரப்பில் ஒரே அளவாக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய பி.ஜி.யை நான் குறை சொல்ல மாட்டேன், அது பிளாஸ்டிக் மாதிரி இரண்டு மூன்று வருஷத்தில் களைக்காது, லேசில் கீறல் விழாது. ஆனால் கனம், மூக்கில் தடம் விழும். கீழே விழுந்தால் அவ்வளவுதான். இந்த வயதில் தடுக்கி விழ நேர்ந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் உடைகிற சாமான் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் வெளிச்சம் கண்ணைக் குத்துகிற மாதிரி இருக்கும். அதற்கு ஆஸ்பத்திரியில் சொல்கிற கறுப்புக் கண்ணாடியையே போடுங்கள், புது லென்ஸுக்கு அவசரப்படாதீர்கள். பவர் நிலைப்பட பொதுவாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். டாக்டர் கடைசிச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு வாங்குங்கள். இரண்டாவது கண்ணுக்கும் சீக்கிரமே ஆபரேஷன் இருக்கிறது என்றால் அதையும் முடித்துவிட்டே இந்த விலை உள்ள லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் இரண்டு தடவை செலவு.

இல்லத்தரசி, திருநெல்வேலி: பையனுக்குப் பத்து வயது. போட்டுக் கொடுக்கலாமா?

போடலாம், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் வயதில் வருஷத்துக்கு வருஷம் பவர் மாறும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைப்பான், உட்கார்ந்தே உடைப்பான். பாலிகார்பனேட் வெள்ளை லென்ஸ் சுலபத்தில் உடையாது, புற ஊதாக் கதிரையும் அதுவே நிறுத்திவிடும். அதோடு தலைக்கு ஒரு தொப்பி. மிச்சக் காசை அடுத்த கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் வேண்டியிருக்கும்.

ஒர்க்‌ஷாப் தொழிலாளி, ஓசூர்: வெல்டிங் வெளிச்சத்தில் இது நன்றாகக் கறுக்கிறது. அப்படியே வெல்டிங்குக்கும் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. வெல்டிங் பொறியில் புற ஊதாக் கதிர் ஏராளம், அதனால்தான் கறுக்கிறது. முழுசாகக் கறுத்த நிலையிலும் இந்த லென்ஸ் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது உள்ளே விடும். பத்தாம் எண் வெல்டிங் கண்ணாடி விடுவது பத்தாயிரத்தில் ஒன்று, ஒன்றரை பங்கு. தானாகக் கறுக்கும் வெல்டிங் ஹெல்மெட் கடையில் கிடைக்கிறது, அது வேறு தொழில்நுட்பம், பொறி தெறித்த கணத்திலேயே கறுக்கும். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரகணத்துக்கும் இதே பதில்தான். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தன்று எங்கள் தெருவில் ஒருவர் இந்தக் கண்ணாடியோடு மொட்டை மாடிக்குக் கிளம்பினார், படிக்கட்டிலேயே நிறுத்திக் கீழே கூட்டி வந்தோம்.

விவசாயி, மன்னார்குடி: துக்க வீட்டுக்குப் போனேன். "எழவு வீட்டுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுட்டு வந்திருக்கான் பாரு" என்று பங்காளிகள் இன்றுவரை பேசுகிறார்கள். இதற்கு என்ன வழி?

எம்.ஜி.ஆரும் கலைஞரும் கறுப்புக் கண்ணாடியோடு எத்தனை மேடை ஏறினார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாம் போட்டால்தான் ஊருக்கு உறுத்துகிறது. உங்கள் விஷயத்தில் பந்தலும் சதி செய்திருக்கிறது. பந்தல் நிழல்தானே, வெளுத்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் நாலு பக்கமும் திறந்த இடம், வானத்திலிருந்து சிதறி வருகிற கதிர் பக்கவாட்டில் பட்டுக்கொண்டே இருக்கும், பாதிக் கறுப்பில் நிற்கும். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் வெளுக்கும். மாலை போட்டுவிட்டு வெளியில் நாற்காலியில் உட்கார்ந்த ஆளுக்கு வழியில்லை. பழைய வெள்ளைக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போதும் உதவும். வயலில் நிற்கிற நேரத்துக்கு இந்த லென்ஸ் உங்களுக்கு நல்லதுதான், பங்காளிகளுக்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தனியார் நிறுவன ஊழியர், திருச்சி: கடையில் கொடுப்பது உண்மையிலேயே கறுக்கும் லென்ஸ்தானா, எவ்வளவு கறுக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு லென்ஸ் மட்டும் கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்றலாமா?

கடையில் ஒரு சின்ன ஊதா டார்ச் வைத்திருப்பார்கள், அதை லென்ஸில் அடித்துக் கறுப்புப் பொட்டு காட்டுவார்கள். கறுக்கிறது என்பதற்கு அது போதும், எவ்வளவு கறுக்கும் என்பதற்குப் போதாது. கண்ணாடி தயாரானதும் கையோடு கடை வாசலுக்கு எடுத்து வாருங்கள். இரண்டு லென்ஸின் மேலும் ஒரு துண்டுக் காகிதத்தைக் குறுக்கே வைத்து, வெயிலில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு காகிதத்தை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் இருந்த இடம் வெள்ளைப் பட்டையாகத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். அப்படியே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த வருஷம் அதே மாதிரி ஒன்று எடுத்து ஒப்பிட்டு லென்ஸ் எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்கலாம். பில்லில் லென்ஸின் பெயரையும் வாரண்டியையும் எழுதி வாங்குங்கள். "ப்ளூ கட்டும் சேர்த்துப் போட்டுடலாம் சார்" என்பார்கள், நீல வெளிச்சத்தைக் குறைக்கிற அந்த வகைக்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மாற்றுவது பற்றி. ஒரு வாடிக்கையாளர் இதையே பிடிவாதமாகக் கேட்டார், நானும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தேன். கடைக்குள் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபோது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. திருப்தியாக எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். புது லென்ஸ் ஒரு பக்கம் நன்றாகக் கறுத்திருக்கிறது, மூன்று வருஷத்துப் பழசு இன்னொரு பக்கம் லேசாகப் புகை பிடித்த மாதிரி நிற்கிறது. டீ மாஸ்டர் என்ன சொன்னாரோ தெரியவில்லை, பாதி டீயோடு திரும்பி வந்து, "இன்னொண்ணையும் மாத்திடுங்க" என்றார்.